மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கா: ஒப்பந்தம், தளம், அனுமதி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சான் டியேகோவிலிருந்து தைவானுக்குக் கடல்வழி சுமார் 11,000 கி.மீ. ஒரு போர்க்கப்பல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ. வேகத்தில், எங்கும் நிற்காமல் ஓடினாலும் போய்ச் சேர 12 நாளுக்கு மேல் ஆகும். சீனக் கரைக்கும் தைவானுக்கும் இடையில், ஜலசந்தி குறுகும் இடத்தில், சுமார் 130 கி.மீ.தான்.

பசிபிக்கில் அமெரிக்காவின் பாதுகாப்புத் திட்டம் பற்றி எதைப் படித்தாலும் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பாதி விளங்கிவிடும். சண்டை மூளக்கூடிய இடம் எதிராளியின் வாசலில் இருக்கிறது. அமெரிக்காவின் வீடோ ஒரு பெருங்கடல் தள்ளி இருக்கிறது. இந்தத் தூரத்தைக் கப்பல் கட்டியோ விமானம் வாங்கியோ குறைக்க முடியாது. அங்கேயே இருக்கும் ஒரு நாடு, “என் மண்ணில் நீ இருந்துகொள்” என்று இடம் கொடுத்தால்தான் குறையும். கூட்டணி என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான். நட்பு, ஜனநாயகம், பொது மதிப்பீடுகள் போன்றவை கூட்டறிக்கைகளில் வரும். அவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் ராணுவத் திட்டமிடுபவர் முதலில் பார்ப்பது ஓடுபாதையும் துறைமுகமும் எரிபொருள் தொட்டியும் எங்கே இருக்கின்றன என்பதை. அடுத்த கேள்வி, அவற்றைப் போர்க்காலத்தில் பயன்படுத்த யாருடைய அனுமதி வேண்டும் என்பது.

இரண்டு தீவுச் சங்கிலிகள்

வரைபடத்தில் ஜப்பானின் பெரிய தீவுகளில் தென்கோடியான கியூஷுவிலிருந்து கீழே வாருங்கள். ஒகினாவா உள்ளிட்ட ரியூக்யூ தீவுகள், தைவான், பிலிப்பைன்ஸின் லூசான், பிறகு போர்னியோ. இந்தக் கோடுதான் முதல் தீவுச் சங்கிலி. சீனக் கடற்படை பசிபிக்கின் ஆழ்கடலுக்குப் போக வேண்டுமானால் இதன் இடைவெளிகள் வழியாகத்தான் போக வேண்டும். ஒகினாவாவுக்கும் மியாகோ தீவுக்கும் நடுவே உள்ள மியாகோ நீரிணை சுமார் 250 கி.மீ. அகலம். தைவானுக்கும் பிலிப்பைன்ஸின் பதானேஸ் தீவுகளுக்கும் இடையில் இருப்பது பாஷி கால்வாய். செய்திகளில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி வருவதற்குக் காரணம், இவை வெறும் நீர்ப்பரப்பு அல்ல, கதவுகள்.

இரண்டாவது சங்கிலி இன்னும் கிழக்கே இருக்கிறது. ஜப்பானின் ஒகாசவாரா தீவுகள், மரியானா தீவுகள், குவாம், பலாவு. இதில் குவாம் அமெரிக்காவின் சொந்த மண். யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம் என்பதே அதன் பெரிய மதிப்பு. ஆனால் அங்கிருந்து தைவான் சுமார் 2,700 கி.மீ. ஒரு எஃப்-35ஏ போர் விமானம் நடுவானில் எரிபொருள் நிரப்பாமல் போய்ச் சண்டையிட்டுத் திரும்பக்கூடிய தொலைவு ஆயிரம் கி.மீ. சொச்சம்தான். ஆகவே குவாமிலிருந்து போர் விமானம் கிளம்பினால், கூடவே எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானங்களும் கிளம்ப வேண்டும். எதிரி அந்த டேங்கர்களை வீழ்த்தினால் போதும், போர் விமானங்களைத் தொடவே வேண்டாம். ஒகினாவாவின் கடேனா விமானத் தளமோ தைவானிலிருந்து 650 கி.மீ. அளவில் இருக்கிறது. தலா 3.7 கி.மீ. நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள். ஒகினாவா மக்கள் எவ்வளவு எதிர்த்தாலும் வாஷிங்டன் அந்தத் தீவை ஏன் விடுவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

வண்டிச் சக்கரம்

ஐரோப்பாவில் நேட்டோ என்ற ஒரே அமைப்பில் எல்லா நாடுகளும் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டிருக்கின்றன. ஆசியாவில் அப்படி இல்லை. இங்கே இருப்பது வண்டிச் சக்கரம். நடுக்குடம் அமெரிக்கா, ஒவ்வொரு ஆரக்காலும் ஒரு நாட்டுடன் தனியாகப் போட்ட ஒப்பந்தம். ஆரக்கால்களுக்குள் ஒன்றுக்கொன்று பிணைப்பு கிடையாது. ஜப்பான் தாக்கப்பட்டால் பிலிப்பைன்ஸுக்கு எந்தச் சட்டக் கடமையும் இல்லை.

இந்தச் சக்கரம் பெரும்பாலும் 1951-இன் சில வாரங்களுக்குள் உருவானது. ஆகஸ்ட் 30-இல் பிலிப்பைன்ஸுடன் ஒப்பந்தம். செப்டம்பர் 1-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடன் அன்சஸ். செப்டம்பர் 8-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடன் அமைதி உடன்படிக்கை கையெழுத்தான அதே நாளில் ஜப்பானுடன் பாதுகாப்பு ஒப்பந்தம். கொரியப் போர் நிறுத்தத்துக்குப் பின், 1953 அக்டோபர் 1-இல் தென்கொரியா. 1954-இன் மணிலா உடன்படிக்கை வழியாகத் தாய்லாந்து. அந்த உடன்படிக்கையின் பெயரால் இயங்கிய சீட்டோ அமைப்பு 1977-இல் கலைந்துவிட்டது. உடன்படிக்கை மட்டும் இன்னும் செல்லும். இன்று ஒப்பந்தக் கூட்டாளி என்று சொல்லும்போது ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, தாய்லாந்து ஆகிய ஐந்தைத்தான் சொல்கிறார்கள்.

ஏன் ஒரே கூட்டணியாகக் கட்டவில்லை? 1951-க்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்புவரை ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இருந்த நாடுகள் அதே ஜப்பானோடு ஒரே மேசையில் உட்காரத் தயாராக இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தென்கொரியாவின் சிங்மன் ரீயும் தைவானின் சியாங் கை-ஷேக்கும் தங்கள் போரைத் தொடர அமெரிக்காவை இழுத்துவிடுவார்களோ என்ற பயம் வாஷிங்டனுக்கு இருந்தது. 1953 ஜூனில், போர்நிறுத்தப் பேச்சு முடியும் தறுவாயில், ரீ யாரையும் கேட்காமல் சுமார் 27,000 போர்க்கைதிகளைத் திறந்துவிட்டுப் பேச்சையே கவிழ்க்கப் பார்த்தார். இப்படிப்பட்ட ஒருவரைக் காக்கவும் வேண்டும், கட்டிப்போடவும் வேண்டும். தனித்தனி ஒப்பந்தம் இரண்டுக்கும் வசதி. ராணுவக் கூட்டணி எதிரியைத் தடுப்பதற்கு மட்டும் அல்ல, கூட்டாளியின் கையைப் பிடித்து நிறுத்தவும்தான்.

ஐந்து நாடுகள் தவிர, அதிகம் பேசப்படாத மூன்று உண்டு. மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், பலாவு. இவை சுதந்திர நாடுகள். பாதுகாப்பை மட்டும் அமெரிக்காவிடம் ஒப்படைத்திருக்கின்றன. பதிலுக்கு நிதியுதவி உண்டு. இவற்றின் குடிமக்கள் விசா இல்லாமல் அமெரிக்காவில் தங்கி வேலை செய்யலாம், அமெரிக்கப் படையிலும் சேரலாம். முக்கியமான ஷரத்து, இந்த நாடுகளின் கடலிலும் நிலத்திலும் வேறு எந்த நாட்டு ராணுவமும் வராமல் தடுக்க அமெரிக்காவுக்கு உரிமை உண்டு என்பது. 2024-இல் இந்த ஏற்பாட்டின் நிதிப் பகுதியை மேலும் 20 ஆண்டுகளுக்கு, சுமார் 710 கோடி டாலருக்கு, அமெரிக்க நாடாளுமன்றம் புதுப்பித்தது. ஹவாய்க்கும் ஆசியாவுக்கும் நடுவே இந்தியாவைவிடப் பெரிய கடற்பரப்பில் போட்டியாளர் ஒருவர் காலூன்றாமல் பார்த்துக்கொள்வதற்கு இது மலிவான விலைதான்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

“தாக்கினால் அமெரிக்கா போருக்கு வரும்” என்று எந்தப் பசிபிக் ஒப்பந்தமும் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவை எடுத்துக்கொள்வோம். பசிபிக்கில் எந்தத் தரப்பின் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தாலும் அது தன் பாதுகாப்புக்கும் ஆபத்து என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. தத்தம் அரசியல் சட்ட நடைமுறைப்படி அந்த ஆபத்தை எதிர்கொள்ளும் என்று சொல்கின்றன. அவ்வளவுதான். எப்படி எதிர்கொள்வது, எப்போது, எவ்வளவு என்பது எழுதப்படவில்லை. கண்டன அறிக்கையும் ஒரு விதத்தில் எதிர்கொள்வதுதான்! நேட்டோவின் புகழ்பெற்ற ஐந்தாம் பிரிவும்கூட, ஒவ்வொரு நாடும் அவசியம் என்று தனக்குத் தோன்றும் நடவடிக்கை எடுத்து உதவும் என்றுதான் சொல்கிறது.

ஆகவே வக்கீல்கள் சண்டை போடுவது வேறு இரண்டு இடங்களில்: எது ஆயுதத் தாக்குதல், எந்த இடம் ஒப்பந்தத்துக்குள் வரும்.

ஜப்பான் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில், ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள பகுதிகள் என்று இருக்கிறது. சீனா தியாவ்யூ என்று அழைத்து உரிமை கோரும் சென்காகு தீவுகள் யாருக்குச் சொந்தம் என்பதில் அமெரிக்கா கருத்தே சொல்வதில்லை. ஆனால் அவற்றை இன்று நிர்வகிப்பது ஜப்பான். ஆகவே ஒப்பந்தம் பொருந்தும் என்கிறது. சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் அந்தத் தீவுகளைச் சுற்றி விடாமல் வந்துபோவதன் நோக்கம் இப்போது புரியும். யார் நிர்வகிக்கிறார்கள் என்ற அந்த ஒற்றை உண்மையை மெல்லக் கரைக்கப் பார்க்கிறார்கள்.

பிலிப்பைன்ஸின் கதை இன்னும் சுவையானது. பலவான் தீவிலிருந்து 200 கி.மீ. அளவில் இரண்டாம் தாமஸ் திட்டு என்றொரு பவளத்திட்டு இருக்கிறது. 1999-இல் பிலிப்பைன்ஸ் கடற்படை சியரா மாத்ரே என்ற கப்பலை வேண்டுமென்றே அதன் மேல் தரைதட்ட விட்டது. 1944-இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட பழைய தரையிறக்கக் கப்பல். இன்று உடலெல்லாம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து நிற்கிறது. அதற்குள் ஒரு சிறு படைப்பிரிவு வாழ்கிறது. பார்த்தால் காயலான் கடைச் சரக்கு. ஆனால் கடற்படைப் பதிவேட்டிலிருந்து அதை இதுவரை நீக்கவில்லை. நீக்காதவரை அது பிலிப்பைன்ஸ் அரசுக் கப்பல். ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, பசிபிக்கில் உள்ள ஆயுதப் படைகள், அரசுக் கப்பல்கள், விமானங்கள் மீதான தாக்குதலையும் சேர்த்துக்கொள்கிறது. ஆக, நகர முடியாத அந்தத் துருப்பிடித்த கப்பலைச் சுட்டால் அமெரிக்காவோடு போர் வரலாம்.

அதனால் யாரும் சுடுவதில்லை. 2024 ஜூன் 17-இல் அந்தக் கப்பலுக்குச் சாப்பாடும் சாமானும் கொண்டுபோன பிலிப்பைன்ஸ் படகுகளைச் சீனக் கடலோரக் காவல் படையினர் கோடரி, கத்தியோடு வந்து மோதி மறித்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியின் கட்டைவிரல் போயிற்று. துப்பாக்கி வெடிக்கவில்லை. மணிலா அதை ஆயுதத் தாக்குதல் என்று அறிவிக்கவில்லை, ஒப்பந்தத்தையும் எழுப்பவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதிபர் மார்கோஸ், வேண்டுமென்றே செய்த செயலால் ஒரு பிலிப்பைன்ஸ் குடிமகன் இறந்தால் அது போர்ச் செயலுக்கு மிக நெருக்கமானது என்று சிங்கப்பூர் மாநாட்டில் பேசியிருந்தார். தண்ணீர் பீய்ச்சுவது, மோதுவது, லேசர் அடிப்பது எல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒரு அங்குலம் இந்தப் பக்கம் நிற்கும் வேலைகள். ஒப்பந்தம் போரைத் தடுக்கிறது. போருக்குக் கீழே நடப்பதைத் தடுப்பதில்லை. இந்தக் கூட்டணி அமைப்பின் ஆகப் பெரிய ஓட்டை இது என்றே சொல்லலாம்.

தைவானுடன் ஒப்பந்தமே கிடையாது. 1954-இல் போட்டது, அமெரிக்கா பீஜிங்கை அங்கீகரித்த பின் 1980 ஜனவரி 1-இல் முடிந்துபோனது. இப்போது இருப்பது 1979-இன் தைவான் உறவுச் சட்டம். தற்காப்பு ஆயுதம் விற்க வேண்டும், பலவந்தத்தை எதிர்க்கும் திறனை அமெரிக்கா வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வந்து சண்டையிடுவோம் என்று சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே வைத்த தெளிவின்மை இது.

வேடிக்கை என்னவென்றால், அன்சஸ் ஒப்பந்தம் அதன் வரலாற்றில் எழுப்பப்பட்டது ஒரே ஒரு முறைதான். பசிபிக்கில் நடந்த எதற்காகவும் அல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஆஸ்திரேலியா அதை எழுப்பியது.

தளம் இருக்கிறது, சாவி யாரிடம்?

ஜப்பானில் சுமார் 55,000 அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள். தென்கொரியாவில் 28,500. டோக்கியோ விரிகுடாவின் யோகோசுகாவில் ஏழாவது கப்பற்படையின் தலைமைக் கப்பல் நிற்கிறது. 1973 முதல் ஒரு விமானந்தாங்கிக் கப்பலும் அங்கேயே குடியிருக்கிறது. இப்போது இருப்பது ஜார்ஜ் வாஷிங்டன். வெளிநாட்டுத் துறைமுகத்தை வீடாகக் கொண்ட ஒரே அமெரிக்க விமானந்தாங்கி அதுதான்.

இதன் பயன் வெறும் தூரக் கணக்கைத் தாண்டியது. அமெரிக்காவிடம் இருக்கும் 11 விமானந்தாங்கிகளும் ஒரே நேரத்தில் கடலில் இருக்க முடியாது. மோட்டாவாரியாக மூன்றில் ஒன்று பணியில், ஒன்று பயிற்சியில், ஒன்று பழுதுபார்ப்பில் என்று சுழலும். அமெரிக்கக் கரையிலிருந்து ஒன்றை மேற்குப் பசிபிக்கில் எப்போதும் நிறுத்த வேண்டுமென்றால், போய்வரும் நாட்களையும் சேர்த்து, கையில் மூன்று நான்கு கப்பல்களாவது வேண்டும். யோகோசுகாவில் ஒன்றை வைத்தால் அந்த ஒன்றே போதும், பழுதுபார்க்கும் மாதங்கள் நீங்கலாக. இடம் கொடுக்கும் நாடு, கட்டாமலேயே இரண்டு மூன்று கப்பல்களைக் கட்டிக் கொடுத்த மாதிரி.

ஆனால் தளம் இருப்பதும் அதைப் போருக்குப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. 1960-இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது ஜப்பானும் அமெரிக்காவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. ஜப்பானைக் காப்பதற்கு அல்லாமல் வேறொரு போருக்காக ஜப்பானியத் தளத்திலிருந்து நேரடிப் போர் நடவடிக்கையில் இறங்குவதானால் முன்கூட்டியே ஜப்பானோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. இதுவரை ஒருமுறைகூட முறைப்படி அந்த ஆலோசனை நடந்ததில்லை. தைவான் விவகாரத்தில் கடேனாவிலிருந்து விமானம் கிளம்ப வேண்டுமானால், அதுவே முதல் முறையாக இருக்கக்கூடும். டோக்கியோவில் அன்று யார் பிரதமராக இருக்கிறார், ஏவுகணைகள் தங்கள் நகரத்தின் மேலும் விழலாம் என்று தெரிந்தபின் அவர் எத்தனை மணி நேரம் யோசிக்கிறார் என்பதில் ஒரு போரின் முதல் நாள் தங்கியிருக்கிறது.

பிலிப்பைன்ஸில் சாவி இன்னும் இறுக்கமாகக் கைக்குள் இருக்கிறது. கிளார்க் விமானத் தளமும் சூபிக் விரிகுடாவும் ஒரு காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய வெளிநாட்டுத் தளங்கள். 1991-இல் பினாடூபோ எரிமலை வெடித்துக் கிளார்க்கைச் சாம்பலில் மூடியது. அந்தச் செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற கணக்கில் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கர்கள் வெளியேறிவிட்டார்கள். செனட் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தம் இல்லாமல் வெளிநாட்டுத் தளம் கூடாது என்று 1987 அரசியல் சட்டமே சொல்கிறது.

அதைச் சுற்றிப் போக வந்ததுதான் 2014-இன் மேம்பட்ட பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு. செய்திகளில் எட்கா என்று வரும். இதன்படி அமெரிக்காவுக்குத் தளம் கிடையாது. பிலிப்பைன்ஸ் ராணுவ முகாம்களுக்குள் கிடங்கு கட்டலாம், ஓடுபாதையைச் சீர்செய்யலாம், சாமான் முன்கூட்டியே வைக்கலாம்; படைகள் சுழற்சியில் வந்துபோகும், நிரந்தரமாகத் தங்கா. முதலில் ஐந்து இடங்கள். 2023-இல் மேலும் நான்கு. அந்த நான்கில் மூன்று வடக்கு லூசானில், தைவானைப் பார்த்த பக்கம். நான்காவது பலவானின் தெற்கே பாலபாக் தீவு. இடத்தேர்வே எண்ணத்தைச் சொல்லிவிடுகிறது. 2024 ஏப்ரலில் பயிற்சிக்கென்று லூசானுக்கு வந்த அமெரிக்காவின் டைஃபான் ஏவுகணை அமைப்பு பயிற்சி முடிந்தும் திரும்பிப் போகவில்லை. சுழற்சி என்ற சொல்லைப் படிக்கும்போது சற்று நிதானித்துப் படிக்க வேண்டும்.

டைஃபான் போன்ற தரைவழி நடுத்தூர ஏவுகணைகளை அமெரிக்கா 2019 வரை வைத்திருக்கவே முடியாது. ரஷ்யாவுடன் இருந்த ஒப்பந்தம் அவற்றைத் தடை செய்திருந்தது. அதிலிருந்து விலகிய பிறகுதான் இந்த வழி திறந்தது. ரஷ்யாவுக்காகப் போட்ட ஒப்பந்தம் முறிந்ததன் விளைவு லூசானில் தெரிகிறது.

எங்கே உடைகிறது

ஒகினாவாவில் தொடங்குவோம். ஜப்பானின் பரப்பில் 0.6 சதவீதம்தான் அந்தத் தீவு மாகாணம். ஜப்பானில் அமெரிக்கப் படைகளுக்கு மட்டும் ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கே இருக்கிறது. 1995-இல் மூன்று அமெரிக்கப் படையினர் ஒரு பள்ளிச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களை உடனே ஜப்பானியப் போலீசிடம் ஒப்படைக்க, அமெரிக்கப் படையினரை எந்த நாட்டுச் சட்டப்படி நடத்துவது என்று வகுத்த படை அந்தஸ்து உடன்பாடு இடம் தரவில்லை. தீவே கொந்தளித்தது. மறு ஆண்டு, நகரத்தின் நடுவே இருக்கும் ஃபுடென்மா தளத்தைத் திருப்பித் தருவதாக இரு அரசுகளும் ஒத்துக்கொண்டன, வேறிடத்தில் மாற்றுத் தளம் கட்டித் தந்தால். அந்த மாற்றிடம் அதே தீவின் ஹெனோகோ. கடலை நிரப்பிக் கட்ட வேண்டும். கடலடி மண்ணோ களிமண்ணாய் இளகிக் கிடக்கிறது. 2019 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஃபுடென்மாவும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நியூசிலாந்து வேறு விதமாகக் கழன்றுகொண்டது. அணுசக்தியால் ஓடும் கப்பலோ அணு ஆயுதம் தாங்கிய கப்பலோ தன் துறைமுகத்துக்கு வரக் கூடாது என்றது. தன் கப்பலில் அணு ஆயுதம் உண்டா இல்லையா என்று சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கொள்கை. 1986-இல் அமெரிக்கா நியூசிலாந்துக்கான தன் அன்சஸ் கடமையை நிறுத்திவைத்தது. பிலிப்பைன்ஸிலும் 2020 பிப்ரவரியில் அதிபர் டுடெர்ட்டே, அமெரிக்கப் படைகள் நாட்டுக்குள் வந்துபோக வழிசெய்யும் உடன்பாட்டை ரத்து செய்வதாக அறிவித்தார். 2021 ஜூலையில்தான் அதைத் திரும்பப் பெற்றார். அந்த ஒரு காகிதம் போயிருந்தால் எட்கா இடங்கள் அனைத்தும் வெறும் கட்டிடங்கள்.

இடம் கொடுப்பவருக்கு வரும் செலவையும் சொல்ல வேண்டும். 2017-இல் தென்கொரியாவின் சொங்ஜுவில் தாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பை நிறுவினார்கள். அதன் ரேடார் தன் நாட்டுக்குள்ளும் பார்க்கும் என்று சீனா கோபப்பட்டது. தண்டனை அமெரிக்காவுக்கு விழவில்லை. தளத்துக்கு கோல்ஃப் மைதானத்தைக் கொடுத்த லோட்டே குழுமத்தின் சீனக் கடைகள் மூடப்பட்டன. தென்கொரியாவுக்குச் சீனர்களின் குழுச் சுற்றுலா நின்றுபோனது. 2025 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் தாகாய்ச்சி, தைவான் நெருக்கடி ஜப்பானின் இருப்புக்கே அச்சுறுத்தலாகலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னபோதும், தன் மக்களை ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று சீனா கேட்டுக்கொண்டது. அடி எப்போதும் சக்கரத்தின் விளிம்பில்தான் விழுகிறது.

அமெரிக்கா தன் பங்குக்குத் தானே சொதப்புவதும் உண்டு. ஹவாயில் ரெட் ஹில் என்ற இடத்தில் மலைக்குள் குடைந்த 20 ராட்சத எரிபொருள் தொட்டிகள் இருந்தன. பசிபிக் படைகளின் சேமிப்பு அது. 2021 நவம்பரில் கசிந்த விமான எரிபொருள் படையினர் குடும்பங்களின் குடிநீரிலேயே கலந்தது. அடுத்த ஆண்டு அதை மூட உத்தரவு வந்தது. போரில் எதிரி குறிவைக்கக்கூடிய முதல் இலக்குகளில் ஒன்றை, பராமரிப்புக் குறையே காலிசெய்துவிட்டது. கப்பல் கணக்கும் அடிக்கடி கிழிகிறது. 2025 ஜூனில் தென்சீனக் கடலில் இருந்த நிமிட்ஸ் விமானந்தாங்கி, வியட்நாம் போவதை விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குத் திரும்பியது. பசிபிக்தான் முதன்மை என்று ஒவ்வொரு நிர்வாகமும் எழுதுகிறது. கப்பல் எங்கே போகிறது என்பதைப் பார்ப்பதே மேல்.

சிதறி நில், இடம் மாற்று

சீனாவின் டிஎஃப்-26 ஏவுகணையின் எட்டும் தூரம் சுமார் 4,000 கி.மீ. குவாம் அதற்குள் வந்துவிடுகிறது. கடேனா பற்றிச் சொல்லவே வேண்டாம். சில பெரிய தளங்களில் எல்லாவற்றையும் குவித்து வைத்த பழைய முறை அதனால் ஆபத்தாகிவிட்டது. இப்போதைய யோசனை, விமானங்களைச் சிறு குழுக்களாகப் பல ஓடுபாதைகளுக்குப் பிரித்து அனுப்புவது, ஒரே இடத்தில் நீண்ட நாள் நிற்காதிருப்பது. மரைன் படை தன் டாங்குகளை முழுதாகக் கைவிட்டுவிட்டு, கப்பலைத் தாக்கும் ஏவுகணையோடு தீவு தீவாக நகரும் சிறு ரெஜிமென்ட்டுகளை உருவாக்கியது. ஒன்று ஹவாயில் 2022-இலும், மற்றொன்று ஒகினாவாவில் 2023-இலும் வந்தன. 2025-இல் அப்படியொரு ஏவுகணை வண்டியைப் பதானேஸுக்கே கொண்டுபோய்ப் பயிற்சி செய்தார்கள்.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு சிறு ஓடுபாதைக்கும் எரிபொருள், குண்டு, பழுதுபார்ப்பவர், தீயணைப்பு வண்டி, சாப்பாடு எல்லாம் கடல் கடந்து போக வேண்டும். பத்து இடமாகச் சிதறினால் பத்து இடத்துக்கும் சரக்கு. மேலும், பத்து இடத்துக்கும் அனுமதி.

ஆரக்கால்கள் ஒன்றோடொன்று

அண்மைக் காலத்தின் உண்மையான மாற்றம் இங்கேதான். ஆரக்கால்கள் குடத்தைக் கேட்காமலேயே தங்களுக்குள் பிணைந்துகொள்கின்றன. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் ஒன்றன் மண்ணில் மற்றதன் படை வந்துபோகும் உடன்பாடு 2023-இல் நடைமுறைக்கு வந்தது. பிலிப்பைன்ஸுடன் ஜப்பான் செய்ததும் அதே வகை, 2025-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு காலத்தில் மணிலாவை அழித்த படையின் வழித்தோன்றல்கள் அங்கே அழைப்பின் பேரில் வருகிறார்கள். தன் புதிய போர்க்கப்பலுக்கு ஆஸ்திரேலியா ஜப்பானின் மொகாமி வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் கேம்ப் டேவிட்டில் ஜப்பானையும் தென்கொரியாவையும் ஒன்றாக உட்காரவைத்தது பெரிய விஷயமாகப் பேசப்பட்டதற்குக் காரணம், 2019-இல் அந்த இரண்டும் உளவுத் தகவல் பகிர்வையே முறித்துக்கொள்ளும் நிலையில் இருந்தன. வாஷிங்டன் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத சந்தேகமும் இந்தப் பிணைப்புகளுக்கு ஒரு காரணம். அதை யாரும் கூட்டறிக்கையில் எழுத மாட்டார்கள்.

2021 செப்டம்பரில் அறிவித்த ஆக்கஸ் தனி ரகம். அமெரிக்காவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தி நீர்மூழ்கிகளைத் தரும் திட்டம். ஆயுதம் சாதாரண வகை, உந்துவிசை மட்டும் அணுசக்தி. 2030-களின் தொடக்கத்தில் மூன்று வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகள், தேவைப்பட்டால் ஐந்து. அமெரிக்கக் கடற்படைக்கே ஆண்டுக்கு இரண்டு வேண்டும். கட்டும் தளங்கள் தருவது ஒன்றேகால் அளவுக்குத்தான். இந்த இடைவெளி அடைபடாதவரை, எந்த அமெரிக்க அதிபர் தன் படையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்? ஆக்கஸில் அதைவிட முன்னதாகப் பயன் தரப்போவது பெர்த் அருகே உள்ள ஸ்டிர்லிங் தளம். 2027 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் அங்கே சுழற்சியில் வந்து தங்கும் ஏற்பாடு. மறுபடியும் இடம்தான்.

இந்தியா எங்கே நிற்கிறது

இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளின் குவாட் அமைப்பை ராணுவக் கூட்டணி என்று தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். அல்ல. ஒப்பந்தம் இல்லை, பரஸ்பரப் பாதுகாப்புக் கடமை இல்லை. 2004 ஆழிப்பேரலை நிவாரணத்துக்காக அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா கடற்படைகள் ஒருங்கிணைந்ததில் அதன் வேர் இருக்கிறது. நாகப்பட்டினமும் கடலூரும் மறக்க முடியாத அந்த டிசம்பர்தான். 2007-இல் முதல் முயற்சி நீர்த்துப்போய், 2017-இல் மறுபடி எழுந்தது.

கூட்டணி இல்லாமலே நடக்கும் வேலை எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் ஒரு மாதிரி கிடைக்கும். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் சார்லஸ் ட்ரூ, எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்குப் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. மறு ஆண்டு அந்தத் தளத்தோடு நீண்டகாலப் பழுதுபார்ப்பு உடன்பாடு கையெழுத்தானது. இதற்குச் சட்ட அடித்தளம் 2016-இன் தளவாட உடன்பாடு. அதன்படி ஒரு நாட்டின் கப்பலோ விமானமோ மற்ற நாட்டில் எரிபொருளும் உதிரிபாகமும் சாப்பாடும் வாங்கிக்கொள்ளலாம், கணக்குப் பின்னால் தீர்க்கப்படும். கூட்டுப் பயிற்சி, பேரிடர் நிவாரணம், துறைமுக வருகை இவற்றுக்கு வழக்கமாகவே உண்டு. மற்றது எதுவானாலும் ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்க வேண்டும், புதுதில்லி தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அமெரிக்காவுக்குத் தளம் அமைக்கும் உரிமை எதையும் அது தரவில்லை.